அலகு எட்டாத இடம்

மூன்று நாள் விடாமல் பெய்த கார்த்திகை மழை சற்றே ஓய்ந்திருந்த ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், பாளையங்கோட்டையில் கோவில் மணியும் பள்ளிக்கூட மணியும் ஒன்றையொன்று முந்தப் பார்க்கும் ஒரு தெருவில், எஸ்தர் ரத்தினபாய் பல் விளக்கிக்கொண்டிருந்தபோது தன் இடது முழங்கைக்குச் சற்று மேலே ஒரு பச்சை இறகு முளைத்திருப்பதைக் கண்டாள். வாயைக் கொப்புளித்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு, ஸ்கேலை வைத்து அளந்தாள். நான்கரை சென்டிமீட்டர். அடியில் வெளிர்சாம்பல், நுனியில் மஞ்சள் கலந்த பச்சை. மெல்ல இழுத்துப் பார்த்தாள், வலித்தது. வலிப்பதால் தன்னுடையதுதான் என்று முடிவுசெய்து, நோட்டில் தேதி போட்டு எழுதிவிட்டு, இட்லி ஊற்றப் போனாள்.

அவளுக்கு எழுபத்தொரு வயது. முப்பத்துநான்கு ஆண்டுகள் பெண்கள் கல்லூரி ஒன்றில் விலங்கியல் கற்பித்தவள். தான் டீச்சர் இல்லை, புரொபசர் என்று தெருவுக்குச் சொல்லிச் சொல்லித் தோற்று, கடைசியில் டீச்சர் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பது என்ற நிலைக்கு வந்து சேர்ந்தவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அதற்கென்று பெரிய காரணம் ஒன்றும் கிடையாது. விடைத்தாள்கள் திருத்தி முடிந்ததும் பார்த்துக்கொள்ளலாம் என்றிருந்தாள், விடைத்தாள்கள் முடியவே இல்லை. புறாவின் எலும்புகளை உறக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரிசை தப்பாமல் ஒப்பிப்பாள். உயிரோடிருக்கும் ஒரு புறாவைக் கையில் பிடித்ததில்லை.

பறவை என்று அவள் வீட்டுக்குள் வந்தது ஒரு கிளி மட்டும்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால் ஒரு புயல் மழையில், கழுத்தில் இளஞ்சிவப்பு வளையம் போட்ட ஆண்கிளி ஒன்று, அவள் கொய்யா மரத்தடியில் இறக்கை முறிந்து கிடந்தது. ஐஸ்கிரீம் குச்சி வைத்துத் தானே கட்டுப்போட்டாள். எலும்பு கூடியது, ஆனால் கோணலாகக் கூடியது, ஏனென்றால் அவள் பார்த்துக் கட்டிய படம் புறாவினுடையது. அதற்குப் பிறகு அந்தக் கிளியால் நாற்காலியிலிருந்து ஜன்னல் வரைக்கும்தான் பறக்க முடிந்தது. இருந்தாலும் அவள் கூண்டின் கதவை ஒருநாளும் சாத்தவில்லை. "போக நினைத்தால் போகட்டும், நான் யாரையும் பிடித்து வைப்பதில்லை" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருந்தன்மையோடு சொல்வாள். அப்படிச் சொல்லும்போது கிளி அவளை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கும்.

காலையில் முளைகட்டிய பாசிப்பயறு, பகலில் கொய்யாத் துண்டு, வாரத்துக்கு இரண்டு பச்சைமிளகாய், தண்ணீர் இரண்டு வேளை மாற்றுவது, சாயங்காலம் ஆறு மணிக்குக் கூண்டின்மேல் பழைய பெட்ஷீட் போடுவது என்று எல்லாம் அட்டவணைப்படி நடந்தது. தொடுவதில்லை. பறவைகளிடமிருந்து மனிதருக்குப் பரவும் நோய்கள் என்று ஒரு பாடத்தை முப்பத்துநான்கு வருடம் நடத்தியவள் எப்படித் தொடுவாள், ரப்பர் கையுறை போட்டுக்கொண்டுதான் கூண்டையே துடைப்பாள். அதற்குப் பதிலாக எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்து கவனித்தாள். 'கிளியின் நடத்தை: நேரடிக் கவனிப்பு' என்று அட்டையில் எழுதிய நோட்டுகள் பதினொன்று நிரம்பியிருந்தன. எந்தப் பக்கத்தைத் திருப்பினாலும் ஒரே குறிப்பு வந்துகொண்டிருக்கும்: காலை ஏழு பத்துக்குக் கிளி கம்பியோரம் வந்தது, தலையைத் தாழ்த்தியது, கழுத்து இறகுகளைச் சிலிர்த்துக் கண்ணை மூடி நின்றது. பணிவு நிலை.

தெரு அதை வேறு மாதிரி எழுதிக்கொண்டது. ஏழு பத்து என்பது அந்தத் தெருவின் பாதி வீடுகளில் குடும்ப ஜெபம் நடக்கும் நேரம். டீச்சர் வீட்டுக் கிளி தலைகுனிந்து ஜெபிக்கிறது என்று ஒருவர் பார்த்துச் சொல்ல, ஒன்பது பேர் ஜன்னல் வழியாக வந்து பார்த்துவிட்டுப் போனார்கள், அதற்குச் சாலமோன் என்று பெயரும் வைத்தார்கள். ஆய்வுக்குரிய உயிரினத்துக்குப் பெயர் வைக்கக்கூடாது என்று ரத்தினபாய் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஒரு மாதத்தில் அவளே நோட்டில் 'சா.' என்று எழுத ஆரம்பித்திருந்தாள்.

அந்தச் சாலமோன்தான் ஐப்பசி பிறந்ததிலிருந்து தன் இறகைத் தானே பிடுங்கத் தொடங்கியிருந்தது. முதலில் நெஞ்சில், பிறகு வயிற்றில், பிறகு இறக்கையின் மடிப்பில். ரத்தினபாய் ஒவ்வொரு இறகையும் இடுக்கியால் எடுத்து, கவரில் போட்டு, மேலே எந்த உறுப்பு என்று எழுதி வைத்தாள். கார்த்திகைச் செவ்வாயன்று கவர்களைத் திறந்து பார்த்தால் ஒன்று காலி, அடுத்தடுத்த நாட்களில் மற்றவையும் ஒவ்வொன்றாகக் காலியாயின. அதன் பிறகு கிளி பிடுங்கிய எதுவும் தரையில் விழவில்லை. அங்கே அது அலகை இழுக்கும், இங்கே இவளுக்குச் சுருக்கென்று இருக்கும், பால் பொங்கும் நேரத்துக்குள் அந்த இறகு இவள் கையில் முளைத்திருக்கும்.

முதலில் பார்த்தவள் எதிர்வீட்டு வடிவு. தையல்காரி. முழுப்பெயர் சுடலைவடிவு, புருஷன் லாரியோடு வடக்கே போய்விட்டால் மாதக்கணக்கில் தையல் மெஷினோடும் தன் வாயோடும் தனியாக இருப்பவள்.

"என்ன டீச்சர், கையில என்னமோ ஒட்டிட்டு நிக்கி?"

"ஒட்டல வடிவு. முளைச்சிருக்கு."

வடிவு கிட்டே வந்து, இறகை விரலால் நெருடி, துணியின் தரம் பார்ப்பதுபோல வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"ஒண்ணோட நிக்குமா, இன்னும் வருமா?"

"வரும்னுதான் தோணுது."

"அப்ப ஜாக்கெட்டுக் கையைப் பிரிச்சு லூசா வச்சிரணும். இருக்க எல்லாத்தையும் கொண்டாங்க. ஊக்கு வச்சுத் தாரேன், தலை வழியா மாட்டுனா இறகு மடங்கும் பாத்துக்கிடுங்க."

அவ்வளவுதான். தெரு அதை அப்படித்தான் எடுத்துக்கொண்டது, மழைக்கு ஒரு வீட்டுச் சுவரில் பாசி பிடித்தால் எடுத்துக்கொள்வதுபோல. இரண்டு வாரத்தில் தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இரண்டு கையிலும் இறகு நிறைந்துவிட்டது. தோல் டாக்டர் "அரிக்குதாம்மா?" என்று கேட்டார், அரிக்கவில்லை என்றதும் "அப்ப விட்டுருங்க" என்று சத்து மாத்திரை எழுதிக்கொடுத்தார். பென்ஷன் நேர்காணலுக்குப் போனபோது, அங்க அடையாளங்கள் என்ற இடத்தில் இறகையும் சேர்க்க வேண்டுமா என்று அவளே நேர்மையாகக் கேட்டாள். மேசைக்குப் பின்னால் இருந்தவர் நிமிர்ந்து கையைப் பார்த்தார், பிறகு பேப்பரைப் பார்த்தார். "வலது கன்னத்துல மச்சம்னு இருக்குல்லா, அதுவே இருக்கட்டும். இதைச் சேத்துட்டு, நாளைக்கு உதிர்ந்துட்டுன்னா அதுக்கு ஒரு மனு எழுதிட்டு அலையணும்" என்று முத்திரை குத்தினார். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரி "இது எங்க எடுத்தது?" என்று மட்டும் கேட்டாள். மைனாக்கள் அவளைக் கண்டால் கத்தின. நாய்கள் குழம்பிப்போய், குரைக்கலாமா துரத்தலாமா என்று நின்று யோசித்தன.

ரத்தினபாய் வெளியே ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. நோட்டில் மட்டும், இவ்வளவு காலம் பறவைகளைப் பற்றிப் பேசியதற்குப் பறவைக்குலம் தனக்கு அளித்த கௌரவ டாக்டர் பட்டமாக இது இருக்கலாம் என்று எழுதிவிட்டு, அறிவியல் அல்ல என்று அதை அடித்தாள், படிக்க முடிகிற மாதிரி அடித்தாள். மனித மார்பெலும்பில் பறப்பதற்கான முகடு கிடையாது, எலும்புகள் கனமானவை, எடையோ அறுபத்திரண்டு கிலோ. இதெல்லாம் தெரிந்தும், ஒரு ஞாயிற்றுக்கிழமை தெருவே ஆராதனைக்குப் போயிருந்த நேரத்தில், முக்காலியில் ஏறி நின்று இரண்டு கையையும் விரித்துக் குதித்தாள். முழங்கால் வீங்கியது. தைலம் தேய்த்துக்கொண்டே, ஐம்பத்தைந்து சென்டிமீட்டர், கீழ்நோக்கி என்று பதிவு செய்தாள். சாலமோன் ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தது.

இப்படியிருக்கும்போது ஐயரம்மா வந்தாள். சபைப் போதகரை அந்த ஊர் ஐயர் என்று அழைப்பதால் அவர் மனைவி எல்லோருக்கும் ஐயரம்மா. பெண்கள் ஐக்கிய சங்கத்தின் தலைவி. எதைக் கேட்க வந்தாலும் கேட்டு முடித்துவிட்டுத்தான் உட்காருவாள்.

"டீச்சர், கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் நாடகத்துல நீங்கதான் தேவதூதன். மாட்டேன்னு சொல்லக்கூடாது. வருஷா வருஷம் அட்டையில பஞ்சு ஒட்டி, பாதி நாடகத்துல பஞ்சு மேய்ப்பன் வாயில போயி, பட்டது போதும்."

படித்த காலத்திலும் படிப்பித்த காலத்திலும் எத்தனையோ நாடகங்கள் நடந்தன. ஒன்றில்கூட அவளை மேடையில் நிறுத்தியதில்லை. அவளுடைய இடம் எப்போதும் திரைக்குப் பின்னால், ஒரு முக்காலியில், மறந்துபோகிறவர்களுக்கு வசனத்தை எடுத்துக்கொடுக்கும் இடம். அப்படி எல்லோருடைய வசனமும் அவளுக்கு மனப்பாடம்.

"என் இறகு பச்சையாச்சே" என்றாள், மறுப்பதுபோல.

பச்சை விஷயம் கமிட்டிக்குப் போனது. ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் தங்கதுரை சார், "பச்சைத் தூதன்னு எங்க எழுதியிருக்கு, காட்டுங்க" என்று எழுந்தார். "வெள்ளை இறகுன்னு எங்க எழுதியிருக்கு, நீங்க காட்டுங்க" என்றாள் ஐயரம்மா. அவர் இரண்டு நாள் வீட்டில் எல்லாவற்றையும் புரட்டிவிட்டு, மூன்றாம் நாள் களைத்துப்போய் வந்து, உடைக்குத்தான் வெள்ளை என்று சொல்லியிருக்கிறது, இறகின் நிறத்தைப் பற்றிப் பேச்சே இல்லை என்று ஒத்துக்கொண்டார். ஆகவே உடை வெள்ளை, இறகு பச்சை என்று தீர்மானம் நிறைவேறியது. தூதனுக்கு மொத்தம் மூன்று வரி. ரத்தினபாய் அதை ஒருநாளைக்கு முப்பது தடவை கண்ணாடி முன்னால் நின்று சொன்னாள்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இப்படி என்றால், கூண்டில் சாலமோன் வெறும் தோலோடு நின்றது. தலையிலும் கழுத்திலும் மட்டும் ஒரு இறகும் குறையவில்லை, வளையம் அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே ஒன்றுமில்லை. தொப்பியும் டையும் மட்டும் அணிந்து அலுவலகத்துக்கு வந்துவிட்ட அதிகாரி மாதிரி இருந்ததால் முதலில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. டிசம்பர் காற்று ஜன்னலில் நுழைந்தபோது அது நடுங்குவதைப் பார்த்தபின் வரவில்லை. கூண்டைத் துண்டால் மூடி, ஆட்டோவில் ஏற்றி, கால்நடை மருத்துவர் ஜன்னத்திடம் கொண்டுபோனாள்.

ஜன்னத் டாக்டருக்கு முப்பது வயதுதான் இருக்கும். கிளியைப் பார்த்தாள், டீச்சரின் கையைப் பார்த்தாள், "ரெண்டும் ஒரே பச்சை" என்று மட்டும் சொல்லிவிட்டு ஸ்டெதாஸ்கோப்பை எடுத்தாள்.

"தனியாத்தான் இருக்கீங்களா?"

"நானா, கிளியா?"

டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்தாள். "நோய் ஒண்ணும் இல்லை டீச்சர். கூட்டமா வாழற பறவை. தனியா விட்டா, பொழுது போகாம, ஏக்கத்துல, தன்னையே பிடுங்கும். யார் இதுகூட இருக்கா?"

"நான் பக்கத்திலேயேதான் இருக்கேன். பதினொரு நோட்டு எழுதியிருக்கேன்."

"அது நோட்டு படிக்காதே டீச்சர்" என்றாள் ஜன்னத், மரியாதையாக. "தலையில மட்டும் ஏன் இறகு இருக்கு சொல்லுங்க."

மாணவியிடம் கேட்கவேண்டிய கேள்வியைத் தன்னிடம் கேட்கிறாளே என்று ரத்தினபாய் யோசித்தாள். விடை தெரியவில்லை.

"அதோட அலகு அங்க எட்டாது. எட்டாததால பிடுங்கவும் முடியலை, கோதிக்கவும் முடியலை. அந்த இடத்தை இன்னொரு கிளிதான் கோதிவிடணும். புது இறகு முளைக்கையில அங்க உயிர்போற மாதிரி அரிக்கும். தலையைத் தாழ்த்திக் கழுத்தைச் சிலிர்த்துக்கிட்டு கிட்ட வந்து நிக்குமே, பாத்திருக்கீங்களா? சொறிஞ்சுவிடுன்னு கேக்குது."

மூன்று வருடம், தினமும், ஏழு பத்துக்கு. ரத்தினபாய் கைப்பையின் வாரைச் சரிசெய்துகொண்டாள். பணிவு நிலை என்று அவள் எழுதியிருந்தாள். ஜெபம் என்று தெரு சொன்னது. ஆயிரம் காலைகளில் ஒரு சின்ன உயிர் ஒரே ஒரு விஷயத்தைக் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறது, எதிரே பேனாவோடு ஒரு முட்டாள்.

"இந்தக் குளிருக்கு இறகில்லாம ரொம்ப நாள் தாங்காது" என்று வாசல்வரை வந்து சொன்னாள் டாக்டர். "அது கீழ இறங்கித் தரையில உக்காந்துட்டா, அப்புறம் என்கிட்டக் கொண்டுவந்தும் பிரயோஜனமில்லை."

இதைக் கேட்ட பிறகாவது ஓடிப்போய்த் தலையைச் சொறிந்துவிட்டாளா என்றால், சொறிந்தாள், பென்சிலால். பென்சிலின் ரப்பர் முனையைக் கம்பி வழியாக நீட்டினாள். சாலமோன் பென்சிலைக் கடித்து இரண்டாக்கிக் கீழே போட்டது. கையுறையோடு விரலை நீட்டினாள். கையுறையும் கிழிந்தது. வடிவு ஒரு சாக்ஸின் குதிகால் பகுதியை வெட்டிக் கிளிக்குச் சட்டை தைத்துக் கொண்டுவந்தாள். அரைமணி நேரத்தில் அது நூலாகிவிட்டது. கூண்டோரம் நாற்பது வாட் பல்பு ஒன்று எரிந்துகொண்டே இருந்தது.

அப்போதுதான் பீரோக் கதவில் இறகு மாட்டியது. டிசம்பர் பன்னிரண்டு. துவாலை எடுத்துவிட்டுக் கதவை அறைந்து சாத்தினாள், வலது கையில் ஓர் இறகு வேரோடு பிடுங்கிக்கொண்டு வந்தது, அவள் "ஆ" என்று கத்தினாள், ஒரு சொட்டு ரத்தம் துளிர்த்தது. அடுப்பில் பால் பொங்கி அடங்கும் நேரத்துக்குள், சாலமோனின் வெற்று நெஞ்சில் ஒரு பச்சை இறகு நின்றது. ஆய்வு என்றால் திரும்பச் செய்து பார்க்கவேண்டும். இன்னொன்றைப் பிடுங்கினாள், இன்னொன்று முளைத்தது. மூன்றாவதையும் பிடுங்கிப் பார்த்தாள், சந்தேகமில்லை. எடுத்தால் திரும்பப் போகிறது. திரும்பப் போனதை அது மறுபடி பிடுங்கவுமில்லை. தன்னிடம் திரும்பி வந்ததை எப்படி வைத்துக்கொள்வது என்று அதற்குத் தெரிந்திருந்தது. முழுவதையும் அன்றே பிடுங்கிக் கொடுத்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

ஆனால் நோட்டில் அவள் எழுதியது: மாதிரி எண்ணிக்கை போதுமானது. மீதி டிசம்பர் இருபத்தைந்துக்குப் பிறகு.

பன்னிரண்டே நாள், என்று தனக்குச் சொல்லிக்கொண்டாள். பல்பு இருக்கிறது. ஒருநாளைக்கு ஒன்று கொடுத்தால், அதுவும் உள்கையில் யாருக்கும் தெரியாத இடத்திலிருந்து கொடுத்தால், மேடையில் விரிக்கும்போது குறை தெரியாது. தேர்வுக்குக் கேள்விகளைப் பங்கிடுவதுபோல இறகுகளைப் பங்கிட்டு அட்டவணை போட்டாள். அட்டவணை நேர்த்தியாக இருந்தது. கொடுத்த இறகுகள் சாலமோனின் நெஞ்சில் அங்கொன்றும் இங்கொன்றுமாக, வழுக்கைத் தலையில் வாரிவிட்ட முடி மாதிரி நின்றன. தன் வாழ்நாளில் இதைவிட அற்பமான காரியம் ஒன்றை இவ்வளவு ஒழுங்காகச் செய்ததில்லை என்பது அவளுக்குத் தெரியும். தெரிந்தே மூன்று வரியையும் கண்ணாடி முன்னால் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இருபத்துநாலாம் தேதி காலையில் சாலமோன் பயறைத் தொடவில்லை. நண்பகலில் கொய்யாவையும் தொடவில்லை. மூன்றரை மணிக்கு வடிவு வெள்ளை அங்கியை எடுத்துக்கொண்டு வந்தாள். தோளிலிருந்து மணிக்கட்டு வரைக்கும் இரண்டு பக்கமும் கீறல் விட்டு, இறகு வெளியே விரிகிற மாதிரி, பத்து நாள் உட்கார்ந்து தைத்தது.

"கையைத் தூக்குங்க. இன்னும். ம், அப்படியே நில்லுங்க."

ரத்தினபாய் கண்ணாடியில் பார்த்தாள். வெள்ளை அங்கியிலிருந்து இரண்டு பச்சை இறக்கைகள் அறையை நிறைத்துக்கொண்டு விரிந்திருந்தன. சாயங்கால வெயில் ஜன்னல் வழியாக விழுந்த இடத்தில் அந்தப் பச்சைக்குள் மஞ்சள் ஓடியது. எழுபத்தொரு வயதில் முதன்முறையாக, கண்ணாடி முன்னால் இன்னும் கொஞ்சநேரம் நிற்கலாம்போல அவளுக்கு இருந்தது.

"எம்மாடி" என்றாள் வடிவு. வேறொன்றும் சொல்லவில்லை, வடிவு ஒன்றும் சொல்லாமல் நின்றதை அந்தத் தெருவில் யாரும் பார்த்ததில்லை.

கண்ணாடியில், வலது இறக்கையின் நுனிக்குப் பின்னால், கூண்டு தெரிந்தது. குறுக்குக் கம்பியில் யாருமில்லை. சாலமோன் தரையில், ஒரு மூலையில், கண்ணைப் பாதி மூடி உட்கார்ந்திருந்தது.

ரத்தினபாய் கைகளை இறக்கினாள். முக்காலியை இழுத்துக் கூண்டுக்கு எதிரே போட்டு உட்கார்ந்து, வலது கையை நீட்டினாள்.

"வடிவு, ஊசி நூலை ஓரமா வச்சிட்டு இப்படி வா. பிடுங்கு."

"எதை?"

"எல்லாத்தையும்."

"டீச்சர், ஒங்களுக்கென்ன கிறுக்கா? ஆறரைக்கு நாடகம். மணி நாலாவப் போவுது. நாளைக்குப் பிடுங்கிக்கிடலாம்லா, இன்னைக்கு ஒரு ராத்திரிதானே."

"பன்னெண்டு நாளா நானும் அதையேதான் சொல்லிக்கிட்டிருந்தேன். பிடுங்கு."

வடிவு கூண்டைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு சேலையை வரிந்து சொருகிக்கொண்டு உட்கார்ந்தாள். "வலிக்கும்" என்றாள். "சத்தம் போட்டா பாதியில விட்டுட்டு எந்திச்சிருவேன், ஆமா."

ஒவ்வொன்றாகத்தான் பிடுங்க முடிந்தது. ஒன்று வரும்போது ஒரு சொட்டு ரத்தம் வந்தது. ரத்தினபாய் சத்தம் போடாமலிருக்க எலும்புகளின் பெயரைச் சொல்லத் தொடங்கினாள். பாதி வழியில் வரிசை மறந்துபோய், எடுத்துக்கொடுக்கத் திரைக்குப் பின்னால் யாருமில்லாததால், வெறுமனே பல்லைக் கடித்துக்கொண்டாள். வடிவு திட்டிக்கொண்டே பிடுங்கினாள், கிளியைத் திட்டினாள், தூதனைத் திட்டினாள், பத்து நாள் தைத்த தன் கையைத் திட்டினாள், திட்டிக்கொண்டே முந்தானையால் ரத்தத்தைத் துடைத்துத் துடைத்துவிட்டாள். முப்பதாவது இறகில் சாலமோனின் வயிறு மூடியது. எழுபதாவதில் முதுகு மூடியது. வலது கை முடிந்து இடது கை பாதியில் இருக்கும்போது அது எழுந்து ஒரு காலை நீட்டி உதறியது. நூற்றுப் பதினெட்டில் அலகால் கம்பியைக் கவ்விக் குறுக்குக் கம்பிக்கு ஏறியது.

"அம்புட்டுதான்" என்று வடிவு முதுகை நிமிர்த்தினாள். பிறகு குனிந்தாள். "இருங்க, பின்கழுத்துல ஒண்ணு இருக்கு. இப்பத்தான் குருத்து விட்டிருக்கு. குட்டி."

"அது முடி."

"பச்சையாவா?"

"டை அடிச்சது."

வடிவு அவளை ஒரு கணம் பார்த்தாள். சிரித்தாளா என்று ரத்தினபாய்க்குத் தெரியவில்லை, திரும்பிப் பார்க்கத் துணிவில்லை. "சரி, ஐயரம்மாகிட்டப் போயி நான் சொல்லிருதேன். அவ்வோ ஏசுனா அதையும் நானே வாங்கிக்கிடுதேன்" என்று தட்டில் இருந்த கொய்யாத் துண்டைக் கூண்டுக்குள் போட்டுவிட்டு வடிவு போனாள்.

சாலமோன் கொய்யாவைத் தின்றது. நிதானமாக, விதையை மட்டும் எடுத்து, சதையைக் கீழே துப்பித் துப்பித் தின்றது. பிறகு திறந்திருந்த கதவு வழியாக வெளியே வந்து, வெள்ளை அங்கியின் மடிப்புகளை அலகால் கவ்விக் கவ்வி ஏறி, அவள் மடியில் வந்து நின்று, தலையைத் தாழ்த்தியது.

மேசைமேல் புதுப் பென்சில் ஒன்று இருந்தது, கையுறை இருந்தது. ரத்தினபாய் விரலை நீட்டினாள். ரத்தம் காய்ந்த, எழுபத்தொரு வயது விரல். கழுத்து இறகுகளுக்கு அடியில் அவ்வளவு சூடு இருக்கும் என்று எந்தப் பாடத்திலும் அவள் படித்ததில்லை, படிப்பித்ததுமில்லை. சிறுசிறு குருத்துகள் உமியோடு இருக்கும் நெல்மணிகள் மாதிரி விரலில் தட்டுப்பட்டன. நகத்தால் நெருடினால் உமி உடைந்து வெள்ளைத்தூள் உதிர்ந்தது, உள்ளிருந்து ஒரு இறகு விரிந்தது. சாலமோன் தலையை அப்படித் திருப்பியது, இப்படித் திருப்பியது, காதோரம் காட்டியது, தாடைக்கடியில் காட்டியது. கண் முழுவதும் மூடிவிட்டது. அவள் நேரம் பார்க்கவில்லை. நோட்டு எந்த அறையில் இருந்தது என்றும் நினைவில்லை.

பிறகு அது கண்ணைத் திறந்து, அவள் கை வழியாக ஏறி, தோளுக்குப் போய், கொண்டைக்குப் பின்னால் நடந்தது. பின்கழுத்தில் அலகு பட்டது. தன்னுடைய கடைசி ஒன்றைத் தேடி வந்துவிட்டது என்று ரத்தினபாய்க்குப் புரிந்தது. திருடிய பிள்ளை அடிக்குக் காத்திருப்பதுபோலக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

அலகு இழுக்கவில்லை. குருத்தின் அடியைப் பிடித்து, மெல்ல, மிக மெல்ல, நுனிவரைக்கும் உருவிக்கொண்டு போனது. உமி உடையும் சத்தம் அவள் காதுக்குள்ளேயே கேட்டது. திரும்ப அடியிலிருந்து ஆரம்பித்தது. இறகை முடித்துவிட்டு, அதைச் சுற்றியிருந்த நரைமுடியையும் ஒவ்வோர் இழையாக எடுத்துக் கோதத் தொடங்கியது.

வாசலில் செருப்புச் சத்தம். "டீச்சர்!" ஐயரம்மாவின் குரல். "இறகு போனாப் போவுது, பழைய பஞ்சு இறக்கை இருக்கு, எடுத்துட்டு வந்திருக்கேன். மூணு வரியும் ஒங்களுக்குத்தான் தெரியும், வேற ஆள் இல்ல. எந்திரிங்க, பிள்ளையெல்லாம் மேடைக்கு வந்தாச்சு!"

"வாரேன் ஐயரம்மா. ரெண்டு நிமிஷம் அப்படி உக்காருங்க" என்றாள் ரத்தினபாய், நிமிராமல். பிறகு தலையை இன்னும் கொஞ்சம் தாழ்த்தி, தோளுக்குப் பின்னால் இருப்பவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள்:

"இடப்பக்கம்."